நஞ்சில்லா விவசாயமும் நம்ம உழைப்புக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. எங்க குழுவில கணக்கு நோட்டு எழுதுறது என் பொறுப்பு. மேடையில பேசிப் பழக்கமில்லை. எனக்குத் தெரிஞ்சது வயல் வேலையும் கணக்கு நோட்டும்தான். அதனால ரெண்டையும் சேர்த்து வச்சுப் பேசுறேன். தப்பா ஏதும் நினைக்க வேண்டாம்.

என்னைப் பேசச் சொன்ன தலைப்பு நஞ்சில்லா விவசாயம். இந்தத் தலைப்புல நிறைய பேர் பேசிக் கேட்டிருக்கோம். உரம் போடாதே, மருந்து அடிக்காதே, மண்ணு மலடாகுது என்று சொல்லுவாங்க. கைதட்டிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில உரக்கடையில நிப்போம். ஏன் அப்படி நிக்கிறோம் என்பதைப் பத்தித்தான் நான் பேசப் போறேன்.

முதல்ல ஒன்று சொல்லிடறேன். யூரியாவைத் திட்டுறதுக்காக நான் இங்க வரல. எங்க மாமியாருக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. அவங்க சின்ன வயசுல சோறு கிடைக்கிறதே அபூர்வமாம். பகல்ல கூழு, ராத்திரிக்கு இருந்தா உண்டு. 1966ல் ஐ.ஆர். எட்டு நெல்லு வந்தது. குட்டைப் பயிர், சாயாது, உரம் போடப் போட விளையும். நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் அந்த மாதிரி ரகங்களும் உரமும் வந்த பிறகுதான் ரெண்டு வேளை சோறு பார்த்தோம் என்று மாமியார் சொல்லுவாங்க. அந்தப் பசியைப் பார்க்காத நாம அதை லேசா பேசக் கூடாது.

ஆனா அன்னிக்கி ஒரு கூடை போட்ட இடத்துல இன்னிக்கி மூட்டை போட வேண்டியிருக்கு. யூரியாவுல நூத்துக்கு 46 பங்கு தழைச்சத்து. போட்ட நாலாம் நாளு பயிர் கருகருன்னு எழும்பும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். அந்தக் கரும்பச்சை இலையைத் தேடித்தான் இலைச் சுருட்டுப் புழுவும் புகையானும் வருது. பூச்சி வந்தா மருந்து அடிக்கிறோம். அந்த மருந்துல பூச்சியைப் புடிச்சுத் தின்னுற சிலந்தி, தட்டான் எல்லாம் சேர்ந்து சாவுது. அடுத்த தடவை பூச்சி வந்தா புடிக்க ஆள் இல்ல. மறுபடியும் மருந்து. இதுதான் நடக்கிறது.

இதை நான் வயல்ல பார்த்ததை விட நோட்டுல நல்லா பார்த்தேன். எங்க குழுவில 14 பேர். கடன் கேட்கிற காரணத்தை ஒரு கட்டத்துல எழுதுவோம். பிள்ளை படிப்பு, வைத்தியம், மாடு வாங்க, வீடு பழுது பார்க்க. சம்பா பருவம் வந்துட்டா அந்தக் கட்டத்துல ஒன்பது பேருக்கு ஒரே வார்த்தைதான் எழுதுவேன்: உரம், மருந்து. கடையில கடனுக்கு வாங்கினா ரொக்கத்துக்கு ஒரு விலை, அறுவடைக்கு அப்புறம் கொடுக்கிறதுக்கு ஒரு விலை. அந்த வித்தியாசத்துக்குப் பயந்துதான் குழுவுல கடன் வாங்குறோம். அதாவது வாரா வாரம் நாம சேர்த்து வைக்கிற சேமிப்பு, ஆடி ஐப்பசிக்குள்ள உரக்கடைக்குப் போய்ச் சேருது.

இன்னொரு காரணமும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் கதிர் வர்ற நேரத்துல மருந்து அடிக்கப் போனாரு. எதிர்க்காத்து. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் அடிச்சாரு. வீட்டுக்கு வந்து வாந்தி, கண்ணு இருட்டுதுன்னாரு, வாயெல்லாம் எச்சில். ஆஸ்பத்திரியில நாலு நாள் இருந்தோம். பிழைச்சுக்கிட்டாரு. அந்த டப்பாவைக் கொண்டு வாங்கன்னு டாக்டர் கேட்டப்பதான் நான் அதை முதல் தடவையா உத்துப் பார்த்தேன். டப்பாவுல ஒரு கட்டம், அதுல முக்கோணம் இருக்கும். சிவப்பு முக்கோணம்னா ரொம்பக் கடுமையான விஷம். மஞ்சள்னா அதுக்கு அடுத்தது. அப்புறம் நீலம், கடைசியில பச்சை. இயற்கை விவசாயத்துக்கு நீங்க மாறுறீங்களோ இல்லையோ, இந்த நாலு நிறத்தை இன்னிக்கே மனசுல வச்சுக்கோங்க. காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊத்தி வைக்கிறதை மட்டும் யாரும் செய்யாதீங்க.

அதுக்கப்புறம்தான் கூட்டமைப்பு மூலமா நடந்த மூணு நாள் பயிற்சிக்கு நான் பேரு கொடுத்தேன். அங்க ரெண்டு விதமான விஷயம் சொல்லிக் கொடுத்தாங்க. ஒன்று நம்ம ஊரு முறை. இன்னொன்று உயிராற்றல் வேளாண்மை, பயோடைனமிக் என்று சொல்றாங்களே, அது.

இந்த உயிராற்றல் முறை வெளிநாட்டுல இருந்து வந்தது. 1924ல் ருடால்ப் ஸ்டைனர் என்கிறவர் கோபர்விட்ஸ் என்ற ஊருல விவசாயிங்களுக்கு எட்டு சொற்பொழிவு கொடுத்தாரு. அப்ப அந்த ஊரு ஜெர்மனியில இருந்தது, இப்ப போலந்து நாட்டுல இருக்கு. ரசாயன உரம் போட ஆரம்பிச்ச பிறகு விதையும் மண்ணும் பலம் குறையுதே, என்ன செய்யலாம்னு அந்த விவசாயிங்கதான் கேட்டாங்களாம். பண்ணையை ஒரு உயிர் மாதிரி நினைக்கணும், மாடு, எரு, பயிர், தீவனம் எல்லாம் அந்தப் பண்ணைக்குள்ளயே சுத்தி வரணும், வெளியில இருந்து வாங்குறதைக் குறைக்கணும் என்பது அவர் சொன்னதோட சாரம்.

அதுல ரொம்பப் பேருக்கு ஆச்சரியமா இருந்தது கொம்பு சாண உரம். கன்று போட்ட பசுவோட கொம்புல, கறவை மாட்டுச் சாணத்தை அடைச்சு, குளிர் காலத்துக்கு முன்னாடி மண்ணுல புதைச்சிடணும். நம்ம நாட்டுல புரட்டாசி, ஐப்பசி வாக்குல புதைச்சு மாசி, பங்குனியில எடுக்கிறாங்க. எடுக்கும்போது சாண வாசனையே இருக்காது, மழை பெஞ்ச மண்ணு வாசனை வரும். 25 கிராம் எடுத்து 13 லிட்டர் தண்ணியில போட்டு ஒரு மணி நேரம் கலக்கணும். ஒரு பக்கமா சுத்திச் சுழி விழுந்ததும் எதிர்ப்பக்கமா சுத்தணும். சாயங்காலமா ஒரு ஏக்கர் மண்ணுல தெளிக்கணும். நிலாவைப் பார்த்து விதைக்கிற பஞ்சாங்கமும் அவங்களுக்கு உண்டு. இதை வீட்டுல வந்து சொன்னேன். எங்க மாமியார் சிரிச்சாங்க. "வளர்பிறையில வெத, தேய்பிறையில மூங்கில் வெட்டுன்னு எங்க அப்பாரு சொன்னதை வெள்ளைக்காரன் சொன்னாத்தான் கேப்பியா?" என்றாங்க.

நிலாக் கணக்கும் கொம்பும் தனியா எவ்வளவு பலன் தருது என்பதுல ஆராய்ச்சி செய்றவங்க ஒரே கருத்தா இல்லை என்று பயிற்சி கொடுத்தவரே சொன்னாரு. அப்படி அவர் மறைக்காம சொன்னதாலதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இன்னொரு கணக்கும் சொன்னாரு. சுவிட்சர்லாந்துல 1978ல் இருந்து ஒரே வயலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு ரசாயன முறை, இயற்கை முறை, உயிராற்றல் முறை எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறாங்க. 21 வருஷக் கணக்கை 2002ல் வெளியிட்டாங்க. இயற்கை முறைகள்ல விளைச்சல் 20 சதவீதம் குறைவு. ஆனா உரமும் எரிபொருளும் 34ல் இருந்து 53 சதவீதம் வரைக்கும் குறைவு, பூச்சி மருந்து 97 சதவீதம் குறைவு. மண்ணுல புழு, நுண்ணுயிர் எல்லாம் கூடுதல். அதாவது விளைச்சல் குறையும்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. குறையவே குறையாது, மூணு மடங்கு விளையும்னு யாராவது சொன்னா நீங்க நம்பாதீங்க.

நம்ம ஊரு முறைன்னா எல்லாருக்கும் நம்மாழ்வார் அய்யாதான் நினைவுக்கு வருவாரு. இளங்காட்டுல பிறந்தவரு. விவசாயப் படிப்பு படிச்சு, கோவில்பட்டியில அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில வேலை பார்த்து, இது ஏழை விவசாயிக்கு உதவாதுன்னு வேலையை விட்டவரு. ஊரு ஊரா நடந்தே பேசினாரு. 2013 டிசம்பர்ல காலமானாரு. நம்ம திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் அய்யா பாரம்பரிய நெல்லைத் தேடித் தேடிச் சேர்த்தவரு. அவர்கிட்ட ரெண்டு கிலோ விதை வாங்கினவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் கொடுக்கணும்னு வச்சிருந்தாரு. அந்த நாலு கிலோ இன்னும் ரெண்டு பேருக்குப் போச்சு. சுழல்நிதி மாதிரிதான். நமக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சரி, நான் செய்ததைச் சொல்றேன். எங்களுக்குச் சொந்தமா மூணு மா. குத்தகைக்கு ஆறு மா. 2022 சம்பாவுல சொந்த நிலத்துல ஒரே ஒரு மாவுல மட்டும் ஆரம்பிச்சேன். வீட்டுக்காரர் முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு. ஆஸ்பத்திரி நினைவு வந்திருக்கும், அப்புறம் சரின்னுட்டாரு.

முதல்ல ஏழு கிலோ தக்கைப்பூண்டு விதைச்சு, பூ எடுக்கிற நேரத்துல, ஒரு 45 நாள்ல, மடக்கி உழுதோம். தக்கைப்பூண்டு வேருல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். காத்துல இருக்கிற தழைச்சத்தை அதுதான் மண்ணுக்குப் புடிச்சுக் கொடுக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா நட்டோம். ஜீவாமிர்தம் மூணு தடவை விட்டோம். அது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் அளவு சொல்றேன். 200 லிட்டர் பேரல் தண்ணிக்கு சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ரசாயனம் படாத வரப்பு மண்ணு ஒரு கை. நிழல்ல வச்சு, காலையும் சாயங்காலமும் கலக்கிவிட்டா ரெண்டு நாள்ல தயார். ஒரு பேரல் ஒரு ஏக்கருக்குப் பாசனத்தோட விடலாம். பஞ்சகவ்யம் இன்னும் நல்லா வேலை செய்யுது, 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி போதும். ஆனா நெய்யும் பாலும் தயிரும் வேணும். நெய் விற்கிற விலையில பிள்ளைக்குப் போடாத நெய்யைப் பயிருக்குப் போட எனக்கு மனசு வரல. அதனால ஜீவாமிர்தமும் மீன் அமிலமும்தான் செய்தேன். பூச்சிக்கு வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு இலையை இடிச்சுக் கோமியத்துல ஊற வச்சு அடிச்சோம். ஒன்று கவனிங்க. இது விரட்டும், கொல்லாது. பூச்சி நிறைய வந்த பிறகு அடிச்சா வேலைக்கு ஆகாது. முன்னாடியே அடிக்கணும்.

இப்ப கணக்குக்கு வர்றேன். ஒப்பிட வசதியா நெல் விலையைக் கிலோ 24 ரூபா என்று எல்லா வருஷத்துக்கும் ஒன்றாகவே வச்சிருக்கேன். உழவு, நடவு, அறுப்புச் செலவு ரெண்டு பக்கமும் ஒன்றுதான், அதைச் சேர்க்கல.

ரசாயனம் போட்ட ஒரு மாவுல 60 கிலோ மூட்டை 12. மொத்தம் 720 கிலோ. 17,280 ரூபா. உரம், களைக்கொல்லி, ரெண்டு தடவை மருந்து, மருந்தடிக்கிற கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 2,100.

இயற்கை மாவுல முதல் வருஷம் ஏழே மூட்டை. கொள்முதல் நிலையத்துல போட்டிருந்தா 10,080தான் வந்திருக்கும். போடல. மூணு மூட்டை வீட்டுச் சாப்பாட்டுக்கு வச்சேன், அதுக்கு நெல் விலை 4,320. நாலு மூட்டையை அரைச்சு 150 கிலோ அரிசி, கிலோ 75க்கு வித்தேன். 11,250. அவிச்ச கூலி, அரைவை, சாக்கு 1,000 போக 10,250. ஆக மொத்தம் 14,570. விதை, வெல்லம், மாவு, மீன் எல்லாம் சேர்த்துச் செலவு 1,250. கழிச்சுப் பார்த்தா ரசாயன மாவை விட 1,860 ரூபா குறைவு.

ரெண்டாவது வருஷம், 2023, உங்களுக்கே தெரியும். அக்டோபர்லயே மேட்டூர்ல தண்ணியை நிறுத்திட்டாங்க. எல்லா வயலும் காஞ்சது. அந்த வருஷத்தை வச்சு எதையும் சொல்றது நியாயமில்லை.

மூணாவது வருஷம் ஒன்பது மூட்டை. மூணு வீட்டுக்கு. ஆறு மூட்டையில 225 கிலோ அரிசி, 16,875. செலவு 1,500 போக 15,375. வீட்டு நெல்லோட சேர்த்து 19,695. இப்ப ரசாயன மாவை விட 2,415 கூடுதல். இடுபொருள் செலவுல மிச்சம் 850. மொத்தம் 3,265 ரூபா லாபம்.

பொதுவா மேடையில இந்த இடத்துல கைதட்டு வாங்கிட்டு முடிச்சிடுவாங்க. நான் முடிக்கல. ஏன்னா இந்தக் கணக்குல ஒரு கட்டம் காலியா இருக்கு. என்னோட கூலி.

களைக்கொல்லி அடிக்காத வயல்ல கையால களை பறிக்கணும். அந்த ஒரு மாவுக்கு மட்டும் கூடுதலா எட்டு ஆள் வேலை ஆச்சு. கோமியம் புடிக்கிறது, சாணம் அள்ளுறது, இலை பறிச்சு இடிக்கிறது, ரெண்டு வேளையும் பேரலைக் கலக்குறது, அது ஒரு நாலு ஆள் வேலை. மொத்தம் 12. இதை யார் செய்தாங்க? நானும் எங்க மாமியாரும். விடிகாலை நாலரைக்கு எழுந்து செய்தோம். ஒரு ஆளுக்கு 250 ரூபா கூலி போட்டா 3,000. மூணாவது வருஷ லாபம் 3,265ல் இந்த 3,000 போனா மிச்சம் 265 ரூபா. முதல் வருஷத்துல பார்த்தா 4,860 ரூபா நஷ்டம்.

"செலவில்லாத விவசாயம்" என்று சொல்றாங்க பாருங்க, அது எப்படிச் செலவில்லாம ஆச்சுன்னு நோட்டை எழுதும்போதுதான் எனக்குப் புரிஞ்சது. கடைக்குப் போற பணம் நின்னுபோச்சு. அதுக்குப் பதிலா வீட்டுப் பொம்பளையோட உழைப்பு போகுது. அதுக்கு யாரும் பில்லு போடல.

அப்ப எதுக்கு இதைச் செய்யணும்னு நீங்க கேட்கலாம். எங்க மாமியாரும் கேட்டாங்க. நான் விடாம செய்யறதுக்குக் காரணம் இருக்கு. அந்த வயலுக்காக மூணு வருஷமா நான் ஒரு ரூபா கடன் வாங்கல. வீட்டுக்காரர் அந்த வரப்புல விஷ டேங்கைத் தூக்கிட்டு நடக்கல. மண்ணுல கை வச்சா மண்புழு வருது, நண்டு வருது, கொக்கு வருது. ஆடு மாட்டைப் பயமில்லாம அந்த வரப்புல கட்டுறோம். 265 ரூபாயோட சேர்த்து இதையும் எழுதணும். ஆனா அந்த 3,000 ரூபா உழைப்பை ஒருத்தி தலையில வைக்காம எப்படிப் பங்கு போடுறது என்பதுதான் கேள்வி. அதைத் தனியா ஒரு குடும்பத்தால செய்ய முடியாது. குழுவால முடியும்.

இங்க இருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்குச் சொந்த நிலம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எங்க குத்தகை வயல்ல நான் இதை ஆரம்பிக்கல. ஏன்னா விளைஞ்சாலும் விளையாட்டியும் குத்தகை நெல்லு அளந்தாகணும். ஏழு மூட்டை விளைஞ்சா குத்தகை போக எனக்கு என்ன மிஞ்சும்? மூணு வருஷம் கழிச்சு மண்ணு நல்லா ஆகும்போது நிலத்துக்காரர் திருப்பிக் கேட்டா என்ன செய்வேன்? அதனால குத்தகைக்காரங்களை "நீ ஏன் மாறல" என்று யாரும் குறை சொல்லாதீங்க. குத்தகையை ரெண்டு மூணு வருஷத்துக்கு எழுத்துல போட்டுக்கொடுக்க நிலத்துக்காரர் சம்மதிச்சா, அப்ப யோசிக்கலாம்.

கூலி வேலைக்குப் போற அக்காமாருக்கு இது வேற மாதிரி. களைக்கொல்லி வந்த பிறகு களை பறிக்கிற வேலை எத்தனை நாள் போச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். முன்னாடி ஒரு பருவத்துக்கு ரெண்டு களை. வரப்போரமா பத்துப் பேர் இறங்கினா அன்னிக்கி பத்து வீட்டுல அடுப்பெரியும். அது இப்ப ஒரு டப்பாவுல முடிஞ்சிடுது. நிலம் உள்ளவளுக்குக் கை களை சுமை, நிலம் இல்லாதவளுக்கு அது கூலி. ரெண்டு பேரும் ஒரே குழுவுல உட்கார்ந்திருக்கோம். நஞ்சில்லா அரிசியைக் கூடுதல் விலைக்கு விற்கிறோம்னா, அந்தக் கூடுதல் காசுல களை பறிச்சவளுக்கு முழுக்கூலி போய்ச் சேரணும். இல்லைன்னா அது நியாயமான விவசாயம் இல்லை.

வேகமா மாறணும்னும் நான் சொல்லல. பக்கத்துல இலங்கையில 2021ல் ரசாயன உரம் இறக்குமதியை ஒரேயடியா தடை செய்தாங்க. விவசாயிங்களுக்குப் பயிற்சியும் இல்லை, எருவும் போதல. நெல்லு, தேயிலை எல்லாம் விழுந்தது. அதே வருஷம் நவம்பர்ல தடையை எடுத்துட்டாங்க. மேல இருந்து உத்தரவு போட்டு மண்ணை மாத்த முடியாது. அதே சமயம் ஆந்திராவைப் பாருங்க. 2016ல் இருந்து அங்க இயற்கை விவசாயத்தை மகளிர் குழு வழியாகத்தான் ஊருக்குள்ள கொண்டு போறாங்க. குழுக் கூட்டத்துல சேமிப்பு, கடன் பேசுற மாதிரியே பயிரையும் பேசுறாங்க. நம்ம தமிழ்நாட்டுலயும் 2023ல் அங்கக வேளாண்மைக்கு என்று அரசு தனிக் கொள்கை வெளியிட்டிருக்கு. நம்ம மகளிர் குழு இயக்கம் 1989ல் தருமபுரியில ஆரம்பிச்சது. வட்டிக்காரங்க கிட்ட இருந்து வெளிய வர்றதுக்கு நாம கூட்டு சேர்ந்தோம். உரக்கடைக் கடன்ல இருந்து வெளிய வர்றதுக்கும் அதே கூட்டு போதும்.

அதனால இந்தப் பொதுக்குழு முன்னாடி நாலு கோரிக்கை வைக்கிறேன். நல்லா யோசிச்சு முடிவெடுங்க.

முதலாவது, ஊராட்சிக்கு ஒரு பொதுக் கொட்டகை. ஆறு பேரல், ஒரு இலை இடிக்கிற மெஷின், சாணம் கோமியம் சேர்க்க ஒரு தொட்டி. மாடு வச்சிருக்கிறவங்க கிட்ட இருந்து சாணத்தையும் கோமியத்தையும் விலை கொடுத்து வாங்கணும். நிலம் இல்லாத ரெண்டு உறுப்பினருக்கு அங்க சம்பளத்தோட வேலை. தனித்தனியா பத்து வீட்டுல பத்துப் பேர் கலக்குறதை அங்க ஒருத்தர் கலக்கலாம். என் நோட்டுல நாலு ஆள் வேலைன்னு எழுதினது ஒன்றா குறையும்.

ரெண்டாவது, களை எடுக்கிற உருளைக் கருவி, கோனோவீடர், நாலு வாங்கணும். அது ஓடணும்னா வரிசை நடவு நடணும். கருவி கனமா இருக்கு, இடுப்பு வலிக்குதுன்னு சில பேர் சொல்றது நியாயம்தான். லேசான கருவியாப் பார்த்து, நம்ம பெண்கள் ஓட்டிப் பார்த்த பிறகு வாங்கணும். ஆம்பிளைங்களும் ஓட்டலாம், தடையில்லை. (சிரிப்பு)

மூணாவது, கடன் தவணை. நம்ம குழுக் கடன்ல அடுத்த மாசமே தவணை ஆரம்பிச்சிடுது. மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் பயிர். அறுக்காத நெல்லுக்கு எப்படித் தவணை கட்டுவாங்க? பயிர்க் கடனுக்கு முதல் ஆறு மாசம் வட்டி மட்டும், அறுவடைக்கு அப்புறம் அசல் என்று மாத்தணும். முதல் ரெண்டு வருஷம் விளைச்சல் குறையும் என்பதையும் கணக்குல எடுக்கணும். வங்கி சார் இங்க இருக்காங்க, அவங்க முன்னாடியே கேட்கிறேன்.

நாலாவது, விற்பனை. நஞ்சில்லா அரிசிக்கு முத்திரை வேணும்னா பி.ஜி.எஸ். என்று ஒரு முறை இருக்கு. குறைஞ்சது அஞ்சு விவசாயிங்க ஒரு குழுவா சேர்ந்து, ஒருத்தர் வயலை இன்னொருத்தர் போய்ப் பார்த்து உறுதி செய்யணும். மாறுகிற காலத்துல பி.ஜி.எஸ். கிரீன், முழுசா மாறின பிறகு பி.ஜி.எஸ். ஆர்கானிக். ஒருத்தர் கணக்கை எல்லார் முன்னாடியும் வாசிக்கிற பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. ஆனா பட்டணத்துக் கடைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாமளே வாங்கணும். இந்தக் கூட்டமைப்புல இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் மாசம் ரெண்டு கிலோ நம்ம அரிசி வாங்கினா, இயற்கை விவசாயம் செய்யற எந்தப் பெண்ணும் மூட்டையை வச்சுக்கிட்டு ஆள் தேட வேண்டியதில்லை. விதை வேணுங்கிறவங்க என்கிட்ட கேளுங்க. மாப்பிள்ளைச் சம்பா ரெண்டு கிலோ தர்றேன். அடுத்த வருஷம் நாலு கிலோ வாங்கிக்கிறேன். அதுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கேன்.

உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்லி முடிச்சிடறேன். மூணு மாவும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. முப்பது குழியில ஆரம்பிங்க, அதுவும் முடியலைன்னா கொல்லையில கத்தரி, வெண்டையில ஆரம்பிங்க. ஆரம்பிக்கிற அன்னிக்கே ஒரு நோட்டு வாங்குங்க. வரவு, செலவு ரெண்டு கட்டத்தோட மூணாவதா ஒரு கட்டம் போட்டு, அன்னிக்கி யார் எத்தனை மணி நேரம் வயல்ல நின்னாங்கன்னு எழுதுங்க. எழுதத் தெரியலைன்னா பிள்ளைங்க கிட்ட சொல்லி எழுத வைங்க. அடுத்த வருஷம் பொதுக்குழுவுக்கு அந்த நோட்டைக் கொண்டு வாங்க. பத்து நோட்டு சேர்ந்தா, நம்ம மண்ணுக்கு எது சரிப்படும், எது சரிப்படாது என்று அதிகாரிங்க கிட்ட நாமளே சொல்லலாம்.